ஹாலண்ட் மாளிகையா, கோர் மாளிகையா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு விளையாட்டுக் கேள்வி. 1838ஆம் ஆண்டு லண்டனில் ஒரே ஒரு ராத்திரி விருந்துக்குப் போகலாம் என்றால் யார் வீட்டுக்குப் போவீர்கள்? கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: ஹாலண்ட் மாளிகையின் ஹாலண்ட் சீமாட்டி, கோர் மாளிகையின் பிளெசிங்டன் சீமாட்டி. நான் பிளெசிங்டனுக்குக் கை தூக்கினேன்.

இரண்டு வீடுமே லண்டனின் கென்சிங்டன் பக்கம். நாவலாசிரியர் டிக்கன்ஸ் இரண்டுக்கும் போனவர். ஹாலண்ட் அம்மையார் விவாகரத்தானவர், பிளெசிங்டன் பெயர் பிரெஞ்சுக்காரரான டோர்சே பிரபுவோடு சேர்த்துப் பேசப்பட்டது; ஆகவே 'கௌரவமான' பெண்கள் இரு வாசலையும் மிதிக்கத் தயங்கினார்கள். இதிலெல்லாம் ஏற்றத்தாழ்வு இல்லை.

ஹாலண்ட் மாளிகையில் அன்றைய சீர்திருத்தக் கட்சியான விக் கட்சியின் அமைச்சர்கள், வரலாற்றாசிரியர் மெக்காலே, நகைச்சுவைக்குப் பேர்போன பாதிரியார் சிட்னி ஸ்மித். பேச்சின் தரத்தில் அதுதான் உசத்தி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மையாரின் அதிகாரம் தாங்காது. மெக்காலே பேச்சு நீண்டால் விசிறியால் மேசையைத் தட்டி நிறுத்திவிடுவாராம். அந்த அம்மையாரின் நாட்குறிப்பை நான் பாதிதான் படித்தேன். மீதியில் கொஞ்சம் இளகியும் இருக்கலாம்.

என் முடிவுக்குக் காரணம் வேறு: வீட்டை நடத்தும் செலவு யாருடையது? ஹாலண்ட் பக்கம் கணவரின் குடும்பச் சொத்து, அம்மையார் வழியில் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள். அங்கே உழைத்தவர்கள் அடிமைகள்.

பிளெசிங்டனின் கணவர் 1829இல் இறந்தபோது விட்டுப்போனது வருஷத்துக்கு 2,000 பவுண்டு. கோர் மாளிகைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் பேனாவைப் பிடித்தார். கவிஞர் பைரனோடு இத்தாலியின் ஜெனோவாவில் பேசியதையெல்லாம் புத்தகமாக்கினார். அப்புறம் ஆண்டுமலர்களைத் தொகுத்தார். பட்டு அட்டை, அழகிகளின் செதுக்குப் படங்கள், படத்துக்கு ஏற்ற கவிதை. நம் தீபாவளி மலர் மாதிரி கிறிஸ்துமஸுக்குப் பரிசாகப் போகும். அதற்கு எழுதியவர்களில் பலர் அவர் வீட்டு விருந்தாளிகள்தான். ராத்திரி விருந்து, பகலில் அச்சுப் பிரதி! அவர் நாவல்களுக்காக நான் வாதாட மாட்டேன். எடுத்தது ஒன்று, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் சாப்பாட்டுச் செலவைத் தானே எழுதிச் சம்பாதித்தவர் வீட்டில் உட்காருவது எனக்குச் சுலபமாக இருக்கும்.

சம்பாதித்ததும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டோர்சேயின் கடன் எப்படிப்பட்டதென்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அவரால் தைரியமாக வெளியே வர முடிந்தது. அன்றைக்கு அமீனா கைது செய்யக் கூடாது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. கணவர் விட்டுப்போன அந்த 2,000 பவுண்டு அங்குள்ள நிலங்களிலிருந்துதான் வந்தது; குத்தகைப் பணம் நின்றது. 1849 ஏப்ரலில் இருவரும் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். மே மாதம் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஓவியர் லாரன்ஸ் தீட்டிய பிளெசிங்டனின் உருவப்படமும் அதில் போனது. இப்போது லண்டனின் வாலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேலைக்காரர் பாரிஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார்: நாவலாசிரியர் தாக்கரே வந்தார், கண்ணில் நீரோடு திரும்பிப் போனார்.