திரீ பேஸ் இருக்கிறது என்றால் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள்

திருகோணமலை நகருக்கு வெளியே, அநுராதபுரம் போகும் வீதிப் பக்கம், புதிதாக எழும்பியிருக்கும் ஒரு பிஸ்னஸ் பார்க்கில் இடம் எடுத்து ஆறு லட்சம் ரூபாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான். விஷயம் இணக்க சபையில், அதாவது வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்க்கும் சபையில், இருப்பதால் பெயர் போடவில்லை. அந்தப் பக்கம் இடம் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

மத்திய வீதியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். கலியாணக் கார்டு, பில் புத்தகம், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் புத்தகம்), கொஞ்சம் பெனர். இடம் போதவில்லை, லொறி நிறுத்த வழியில்லை. அந்த நேரம் பார்த்து, தன் பார்க்குக்குப் பெனர் அடிக்க அந்த முதலாளி என்னிடமே வந்தார். "தம்பி, நீங்களே அங்க வாங்கோவன். திரீ பேஸ் இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, லொறி வாசலுக்கே வரும்." திரீ பேஸ் என்றால் பெரிய மோட்டார்களை ஓட்டும் மும்முனை மின்சாரம். போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் டைல்ஸ், வாசலில் காவலாளி. மயங்கிவிட்டேன். நான் போனது மழையில்லாத ஆவணியில். ஆவணியில் எங்கள் ஊரில் எந்தக் காணியும் நல்ல காணிதான்.

இரண்டு வருட ஒப்பந்தம், ஒரு வருட வாடகை முற்பணம். மெஷினை இறக்கிய அன்றே குட்டு உடைந்தது. என்னுடையது பழைய ஹைடெல்பெர்க் அச்சு மெஷின். அதன் மோட்டாருக்குத் திரீ பேஸ் வேண்டும். கூட வந்த எலெக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். வந்திருப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ், சாதாரண வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம். அதையும் நாலு கடைக்குப் பிரித்து, ஆளுக்கொரு சப் மீட்டர். கேட்டால், "விண்ணப்பம் போட்டாச்சு, அடுத்த மாதம் வரும்." நாலு மாதமும் அது அடுத்த மாதமாகவே இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது உண்மை. டீசல் எங்கள் செலவு.

வியாபார உரிமத்துக்குப் பிரதேச சபைக்குப் போனேன். கட்டடம் அனுமதித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்பதற்கான இணக்கச் சான்றிதழைக் கேட்டார்கள், வாய்வழக்கில் சி.ஓ.சி. அப்படியொன்று எடுக்கப்படவே இல்லை.

அப்புறம் கார்த்திகை மழை. வயல் காணியைக் கிறவல் போட்டு நிரப்பி, தண்ணீர் ஓடிய வாய்க்காலையும் மூடிக் கட்டியிருக்கிறார்கள். முன் வளவில் முழங்கால் அளவு தண்ணீர். கடைக்குள் வரவில்லை, ஆனால் கடதாசியைக் கெடுக்க ஈரக் காற்றே போதும். ரீம் ரீமாக ஓரம் நெளிந்துவிட்டது. அதை எந்த மெஷினும் ஒழுங்காக இழுக்காது.

காசைத் திருப்பிக் கேட்டபோதுதான் பெரிய அடி. எங்கள் ஒப்பந்தம் முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்த கடதாசி, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதாம். சட்டத்தரணி சொல்லித்தான் எனக்கே தெரியும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நொத்தாரிசுச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று முதலாளி சொன்னபோது நானும் சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தேன்.

முற்பணம் கொடுக்குமுன் மின்சார பில்லையும் சி.ஓ.சி. பிரதியையும் கையில் வாங்கிப் பாருங்கள். முடிந்தால் ஒரு மாரி மழை நாளில் போய் நில்லுங்கள்.

இதுவரை ஒன்றரை லட்சம் திரும்பியிருக்கிறது. மெஷின் மத்திய வீதிக்கே வந்துவிட்டது. "24 மணி நேரமும் திரீ பேஸ் மின்சாரம்" என்று நான் அடித்துக் கொடுத்த பெனர் மட்டும் இன்னும் அந்த வீதியில் தொங்குகிறது. அதற்கான காசும் வரவில்லை.