அப்பாவின் கைபேசியில் 1.1.1.3: ஏழு மாதப் பயன்பாட்டின் பின்

கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் மாதத்தில் குடும்பங்களுக்கென இலவசமாக வெளியிட்ட 1.1.1.3 என்ற, ஆபாசத் தளங்களை வடிகட்டும் சேவையை மட்டக்களப்பிலுள்ள எங்கள் வீட்டில் ஏழு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். நான் இதைப் பொருத்தியது 69 வயதான என் அப்பாவுக்காக.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. நாம் ஒரு தளத்தின் பெயரை எழுதியதும் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் வழங்கியின் வேலை. 1.1.1.3 அத்தகைய ஒரு வழங்கிதான். ஆனால் ஆபாசத் தளமென்று அதன் பட்டியலில் உள்ள ஒன்றைக் கேட்டால் முகவரியைத் தராது, பக்கமும் திறக்காது. ரவுட்டரில் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய இரண்டு எண்களையும் பதிந்துவிட்டால் வீட்டு வைஃபை முழுவதும் அதற்குள் வந்துவிடும். பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. எனக்குப் பத்து நிமிடம் சென்றது.

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் ஐம்பது வருடங்கள் இருந்தன. அப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில் நிருவாகத்தில் கணக்குப் பார்த்தவர். ஊரில் ஒரு விண்ணப்பம் நிரப்புவதென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். இளமையில் மஞ்சள் பத்திரிகையாகத் தொடங்கிய பழக்கம், எண்பதுகளில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில், பிறகு சிடியில், கடைசியாகக் கைபேசியில் என்று அவருடனேயே வந்திருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் படங்களைத் தேடிப் போவதற்கு ஒரு இடமும் ஒரு துணையும் வேண்டும். வேலையும் ஊரார் கண்ணும் அவரை ஓரளவு தடுத்து வைத்திருந்தன. ஓய்வூதியம், தனியறை, டேட்டா மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வயதில் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

அது வெளியே தெரியவந்த விதத்தை நினைக்க இன்றும் நெஞ்சு கனக்கிறது. மின்சாரப் பட்டியலைக் கட்டித் தரும்படி அவர் தன் கைபேசியைத் தங்கையின் கணவரிடம் கொடுத்தார். திரையில் மூடப்படாமல் கிடந்த பக்கத்தைக் கண்ட மருமகன் எதுவும் பேசாமல் கைபேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அதன் பிறகு தங்கை தன் பிள்ளைகளை அந்த வீட்டில் தனியே விட்டுச் செல்வதை நிறுத்திவிட்டாள். அப்பா யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று நானும் அவளும் நம்புகிறோம். இருந்தும் மடியில் பேரப்பிள்ளைகளை வைத்துத் தேவாரம் சொல்லிக் கொடுத்த மனிதரைச் சுற்றி ஒரு மௌனம் வந்துவிட்டது. அம்மா மட்டும் அதிர்ச்சி அடையவில்லை. "அவர் என்ட முகத்தைப் பார்த்துக் கதைச்சு எத்தனை வருஷம், மகன்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நாற்பது வருடத் தாம்பத்தியத்தின் கணக்கு முழுவதும் இருந்தது.

நான் செய்த தவறு, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரவுட்டரில் அந்த எண்களைப் பதிந்தது. கைபேசி பழுதாகிவிட்டதென்று எண்ணிய அவர் நகரிலுள்ள ஒரு கைபேசிக் கடைக்கு அதைக் கொண்டுபோய், சில பக்கங்கள் திறக்கவில்லை என்று அங்கிருந்த இளைஞனிடம் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கங்கள் என்று பார்த்த அந்த இளைஞன், "ஐயா, உங்கட வீட்டில ஆரோ தடுத்து வச்சிருக்காங்க" என்று தணிந்த குரலில் சொன்னானாம். தன் பேரனாக இருக்கக்கூடிய ஒருவனின் முன்னால் அவரை அப்படி நிற்க வைத்தது நான்தான். அன்று இரவு அவர் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் மாலை கல்லடிப் பக்கமாக நடந்து போகையில் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட நேரத்துக்குப் பிறகு, "கலியாணம் முடிச்சா நிண்டிடும் எண்டு நினைச்சன், பிள்ளைகள் பிறந்தா நிண்டிடும் எண்டு நினைச்சன், பென்சன் எடுத்த பிறகு கூடித்தான் போச்சு" என்றார். அதில் இன்பம் இல்லாமல் போய்ப் பல வருடங்களாகிவிட்டன என்றும், நித்திரை வராத இரவுகளில் கை தானாகப் போகிறதென்றும் சொன்னார். பிறகு ரவுட்டரிலிருந்து அந்த எண்களை எடுத்துவிட்டு, அவருடைய கைபேசியை அவரிடமே கொடுத்து, ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் இந்தச் சேவையின் முகவரியை எழுத்தெழுத்தாக நான் சொல்ல அவர் பதிந்தார். ரவுட்டரில் பதிந்தால் கைபேசி டேட்டாவுக்குப் பொருந்தாது. கைபேசியில் பதிந்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

குறைகள் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் காணொளியையோ மெமரி கார்டில் கிடப்பதையோ இது தொடாது. இணையத் தொடர்பை வேறு வழியாகக் கொண்டுபோகும் விபிஎன் செயலி இருந்தால் சுற்றிப் போய்விடலாம். எல்லாவற்றையும் விட, எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் இதை நிறுத்திவிடலாம். பிள்ளைகளுக்கு அது குறைபாடு. வளர்ந்த மனிதருக்கு அதுவே இச்சேவையின் சிறப்பென்று நான் இப்போது கருதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அதை நிறுத்தாமல் விடுவது அவருடைய சொந்த முடிவாகிறது.

வடிகட்டி மட்டும் போதாது. மூன்றாவது மாதத்தில் அப்பா அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு என்னுடன் வந்தார். வைத்தியர் முதலில் கேட்டது அவர் எடுக்கும் மாத்திரைகளைப் பற்றி. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளாலும், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயாலும் முதுமையில் இத்தகைய உந்துதல் புதிதாக எழக்கூடும் என்பதால் அப்படிக் கேட்டார். அப்பாவுக்கு அவை இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகவே ஏற்கிறது, வெறும் குற்றவுணர்வை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. இதைக் கேட்டபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். நேரில் போக முடியாதவர்கள் இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இந்த ஏழு மாதங்களில் அவர் இரண்டு தடவைகள் வடிகட்டியை நிறுத்தியிருக்கிறார். இரண்டு தடவையும் அவரே என்னிடம் வந்து சொன்னார். இரண்டாவது தடவை சொன்னபோது அம்மா பக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து போகவில்லை.