சுன்னாகம் மா மில்லுக்கு வந்த ஆலோசகர்: 5க்கு 4

தொழில் ஆலோசகர் எண்டால் எங்கட பக்கத்தில கனபேருக்கு நம்பிக்கையில்லை. எனக்கும் இருக்கேல்லை. முதல் கொழும்பில இருந்து ஒருத்தர் வந்து, படம் போட்டுக் காட்டி, நாங்கள் சொன்னதையே வடிவான எழுத்தில திருப்பித் தந்திட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனவர். இந்தமுறை பிடிச்சது யாழ்ப்பாணம் ரவுணில தனியா இந்த வேலை செய்யிற ஒரு பிள்ளையை.

எங்களிட்ட மிளகாய்த்தூளுக்கு ஒரு மெசின், மாவுக்கு ஒரு மெசின். வெளிநாட்டுப் பாசல் ஒண்டும் நேரத்துக்குப் போகாது. இன்னொரு மெசினுக்கு லோன் எடுக்கலாமோ எண்டுதான் நான் கேட்டது. பிள்ளை உடன மறுமொழி சொல்லேல்லை. அரிசிச் சாக்கில இருந்து பின்னேரம் மட்டும் பாத்துக்கொண்டிருந்தா. என்னட்டைக் கேட்டதைவிட மெசினடியில நிக்கிற அக்காவட்டைக் கேட்டதுதான் கூட.

"குரக்கன் அரைச்ச கையோட பச்சையரிசி வந்தால் என்னக்கா செய்வியள்?"

"கழட்டித் தட்டித் துடைக்கவேணும் பிள்ளை, இல்லாட்டி மா நிறம் மாறிப்போம்."

வருத்தம் அங்கைதான் இருந்தது. வாற வாற ஒழுங்கில அரைச்சால் அரைவாசி நாள் துடைக்கிறதில போயிடும். இப்ப காலமை பச்சையரிசி, பிறகு சிவப்பரிசி, பிறகு குரக்கன், கடைசியா ஒடியல். பாசல் நேரத்துக்குப் போகுது. புது மெசின் வேண்டாம் எண்டு என்ர முகத்துக்கு நேர சொன்னா. லோனுக்கு எழுதிக் குடுத்திருந்தால் எழுதின கூலியும் அவவுக்குத்தான் வந்திருக்கும்.

என்ர பெறாமகன் யாழ் பல்கலைக்கழகத்தில முகாமைத்துவம் படிக்கிறான், இந்தத் துறைக்குப் போக விருப்பம். பொஸ்டன் கன்சல்டிங் குறூப் எண்ட அமெரிக்க ஆலோசனைக் கொம்பனி 1970இல் கொண்டுவந்த நாலு கட்டப் படத்தைக் கீறி, சந்தை எவ்வளவு வளருது, அதில எங்கட பங்கு எவ்வளவு எண்டு விளங்கப்படுத்தி, மிளகாய்த்தூள்தான் எங்கட கறவைப் பசு, அதாவது சந்தை பெரிசா வளராட்டியும் காசு தந்துகொண்டிருக்கிற சாமான் எண்டான். அவ சிரிக்கேல்லை. "சுன்னாகத்தில மாதம் எவ்வளவு தூள் விக்குதெண்டு ஆரிட்டைக் கேட்டனீர்?" எண்டு மட்டும் கேட்டா. பெடியன் அடுத்தநாள் கொப்பியோட சந்தைக்கு வெளிக்கிட்டான்.

குறையும் இருக்கு. வட்ஸ்அப்பில போட்டால் மறுமொழி வர கன நேரம். அறிக்கை இங்கிலீசில வந்தது, மெசினடி அக்காவுக்கு அது என்னத்துக்கு? கேட்ட பிறகுதான் தமிழில ஒரு பக்கம் எழுதிச் சுவரில ஒட்டினா. விலைக் கதையில என்ர தம்பி குரலை உயர்த்தினவுடன பைலை மூடிப்போட்டா. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துற யாவாரத்துக்கை கால் வைக்கிறவைக்குச் சத்தத்தைத் தாங்கிற மனமும் வேணும். அதுக்குத்தான் ஒண்டு குறைச்சனான்.

கணக்குக் கொப்பி காட்ட விருப்பமில்லாதவை போகாதேங்கோ, முதல் நாளே அதைத்தான் கேப்பா. காசில பாதி முன்னுக்குக் கட்டவேணும். போறதெண்டால் நல்லூர்க் கொடியேற முதல் பிடியுங்கோ. திருவிழா 25 நாளும் வெளிநாட்டாக்கள் காணி, கடை எண்டு யோசனை கேட்டு வரிசையில நிப்பினம்.