மேடை சுந்தராம்பாளா, திரை சுந்தராம்பாளா?

கே.பி. சுந்தராம்பாளை ஔவையாராக மட்டும் தெரிந்தவர்களுக்குப் பாதி ஆள்தான் தெரியும் என்பேன். கொடுமுடியில் பிறந்த அந்தக் குரல் முறுக்கேறியது நாடகக் கொட்டகையில். மைக் கிடையாது, ஆர்மோனியத்தைத் தாண்டிக் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் போய்ச் சேர வேண்டும், எதிரே அவர் கணவரும் நாடக நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் நிற்பார், விட்டுக்கொடுக்க முடியுமா?

1933-இல் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைப் புடவைக்கு மாறியவரை, ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசி ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அழைத்தார்கள் (1935-இல் வந்தது), அதுவும் ஆண் வேடம். அப்புறம் 1953-இல் ‘ஔவையார்’. திரையால்தான் முகமும் குரலும் சேர்ந்து நமக்கு மிஞ்சின, சரி. ஆனால் ஸ்டுடியோவில் எதிர்ப்பாட்டுக்குக் கிட்டப்பா இல்லையே, எனக்கு மேடைதான். நம்பாவிட்டால் இருவரின் பழைய இசைத்தட்டுகளைக் கேளுங்கள்.