கில் 'எம் ஆல்: உசிலம்பட்டி பஸ்ஸில் 14 வருடம்

2011 அக்டோபரில் அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகா பெங்களூருவுக்கு வந்தபோது எனக்குப் போக வாய்க்கவில்லை. போய்வந்த கல்லூரி நண்பன் அவர்களுடைய முதல் ஆல்பமான 'கில் 'எம் ஆல்'ஐ மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவே பஸ்ஸில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். பத்துப் பாட்டு, 51 நிமிடம். ஏறி உட்கார்ந்ததும் போட்டால் செக்கானூரணியை நெருங்கும்போது 'விப்லாஷ்' என்ற பாட்டு வரும். காளவாசல் சிக்னலில் நிற்கையில் கடைசிப் பாட்டு.

முதல் ஒரு வருடம் வேகம்தான் பிடித்தது. லீட் கிட்டார் வாசிக்கும் கிர்க் ஹாம்மெட்டின் சோலோ (தனி வாசிப்பு) வரும் இடங்களுக்காகவே காத்திருப்பேன். அப்புறம் மெல்ல மெல்ல காது, பாட்டின் தாளத்தைத் தாங்கும் ரிதம் கிட்டார் பக்கம் போனது. இந்த ஆல்பத்தின் உயிர், பாடகரும் ரிதம் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையில்தான் இருக்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்வேன். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அடக்கிக்கொண்டு, பிக்கை (தந்தியைத் தட்டும் சிறு வில்லை) மேலும் கீழும் ஆட்டாமல் பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிக்கிறார். அதனால் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில், தனித்தனியாக விழுகிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் குழம்பவில்லை. 1983 ஜூலையில் ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு வயது 19. வாசித்துக்கொண்டே பாடவும் வேண்டும்!

அடுத்தது பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன். 'அனஸ்தீசியா' பாட்டில் முன்னால் நிற்பது முழுக்க அவருடைய பேஸ் கிட்டார்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும், குரல்போல வளைக்கும் வா பெடலும் போட்டு வாசித்திருப்பதால், லீட் கிட்டார் என்றே பல மாதம் நினைத்திருந்தேன். தொடக்கத்தில் ஒரு குரல் 'பேஸ் சோலோ, டேக் ஒன்' என்று சொல்வதே நல்ல இயர்போன் வாங்கிய பிறகுதான் காதில் விழுந்தது. 1986இல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்துவிட்டார். 24 வயது. அந்தப் பாட்டை நான் ஒருநாளும் தள்ளிவிட்டுப் போனதில்லை.

'தி ஃபோர் ஹார்ஸ்மென்' பாட்டின் கதை தனி. அதன் அடிப்படை, ரெக்கார்டிங்குக்குச் சற்று முன் குழுவிலிருந்து நீக்கப்பட்ட கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டெய்னுடையது. அவர் அதையே 1985இல் தன் புதுக் குழுவான மெகாடெத்தின் முதல் ஆல்பத்தில் இன்னும் வேகமாக வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்கு மெட்டாலிகாவின் வடிவமே மேல். நடுவில் வேகத்தைக் குறைத்து ஒரு மெலடியை நுழைத்திருக்கிறார்கள் இல்லையா, அங்கேதான் பாட்டு மூச்சு வாங்குகிறது.

குறையும் உண்டு. டிரம்ஸ் ஒலி மெலிந்து கேட்கிறது. ஹெட்ஃபீல்டின் குரல் அப்போது இன்னும் திரளவில்லை, கத்தல்தான் அதிகம். 'ஜம்ப் இன் தி ஃபயர்' எனக்குச் சலித்தே போய்விட்டது. 'சீக் அண்ட் டெஸ்ட்ராய்' அப்படியில்லை. அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) அவசரப்படாமல் நடந்து வரும் அழகுக்கு இன்றும் தலை தானாக ஆடுகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேஸ் மொத்தமும் போய்விடும்.

ஐந்து வருடத்துக்கு முன் நானும் கிட்டார் வாங்கினேன். 'விப்லாஷ்' ரிஃபை முதலில் கீழ்நோக்கியே அடித்துப் பார்த்தபோது அரை நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகிவிட்டது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தாளக் கணக்குக் காட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு பழகுகிறேன். இப்போது ஒன்றரை நிமிடம் வரை தாங்குகிறது.