தாவுகிற ராஜபாளையத்தைத் தரையில் நிற்கப் பழக்கியது: இரண்டு வருட அனுபவம்

வீட்டில் வயதானவர்கள் இருந்து, ஆள்மேல் தாவுகிற பெரிய நாயும் இருந்தால், அதைப் பழக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். கடிக்கிற நாய்க்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் தாவுகிற நாய்க்குப் பயப்படுவதில்லை. ஆனால் எழுபது எண்பது வயதில் ஒருமுறை மல்லாந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப் பிறகு எழுந்து நடமாடுவது பெரும்பாடு.

எங்கள் வீடு மதுரை கே.புதூர் பக்கம். அப்பத்தாவுக்கு எண்பதை ஒட்டிய வயது, கைத்தடியோடுதான் நடக்கிறார். நாய் ராஜபாளையம், ஆண், பெயர் வெள்ளையன். எடை 30 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நான்கு காலில் நிற்கும்போதே தோள் உயரம் 70 சென்டிமீட்டர் இருக்கும். பின்னங்காலில் எழுந்தால் முன்னங்கால் இரண்டும் என் தோளில் வந்து உட்காரும். பெரியப்பா மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, முழுசாக வளர்ந்த நாயாகத்தான் எங்களிடம் வந்தான். குட்டியாக இருந்தபோது மடியில் ஏறி மூஞ்சியை நக்கியதை அந்த வீட்டில் எல்லாரும் கொஞ்சியிருக்கிறார்கள். அதையே இந்த உயரத்தில் செய்தான்.

நாய் தாவுவதில் திமிர் ஒன்றும் கிடையாது. "உன்னை அடக்கப் பார்க்குது" என்று சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். ஓநாய்க் குட்டிகள் வேட்டைக்குப் போய்த் திரும்புகிற பெரிய ஓநாய்களின் வாயை நக்கும், அவை வயிற்றிலிருந்து இரையைக் கக்கிக் கொடுக்கும். நாய்க்குட்டியிடமும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதனுக்கு வாய் மேலே இருக்கிறது, அதனால் அது மேலே வருகிறது. வந்ததும் நாம் தொடுகிறோம், பேசுகிறோம், தள்ளுகிறோம். அதட்டினாலும் அதன் கணக்கில் நாம் திரும்பிப் பார்த்துவிட்டோம். கையால் தள்ளுவதை அது விளையாட்டு என்றே எடுத்துக்கொள்ளும். தாவலுக்குக் கூலி அங்கே கிடைத்துவிடுகிறது.

ஆரம்பத்தில் பயிற்சியாளர் ஒருவரை அழைத்தோம். வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "தாவுறப்ப முட்டியத் தூக்கி நெஞ்சுல ஒரு இடி குடுங்க, ரெண்டே நாள்ல நின்னுரும்" என்றார். அன்றோடு அவரை நிறுத்திவிட்டேன். ராஜபாளையத்துக்கு நெஞ்சுக்கூடு ஆழமாக இருக்கும், சதைப்பற்று குறைவு, விலா எலும்பு தெரிகிற உடம்பு. பாய்ந்து வருகிற வேகத்தில் முட்டி பட்டால் உள்ளே அடிபடும். அப்படியே நின்றாலும், அது கற்றுக்கொள்வது "ஆள் கிட்ட வந்தா வலிக்கும்" என்பதை மட்டும்தான். காவல் நாய்க்கு அந்த நினைப்பு வந்தால் தாவலைவிடப் பெரிய ஆபத்து. எண்பது வயதுக்காரர் முட்டியைத் தூக்கி இடிக்கவும் முடியாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், தேவையில்லாமல் வலிக்கும்படி அடிப்பதும் உதைப்பதும் குற்றம். "கட்டிப் போட்ரு, சோலி முடிஞ்சது" என்றவர்களுக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது: குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம்தான். தவிர, பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய் அவிழ்த்ததும் இரண்டு மடங்கு தாவும்.

பிறகு நாங்களே செய்தோம். முறை சின்னது: நாலு காலும் தரையில் இருந்தால் எல்லாம் கிடைக்கும், கால் எழும்பினால் எதுவும் கிடைக்காது. தாவினால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிட வேண்டும். பார்வை, பேச்சு, தொடல் எதுவும் கூடாது. இறங்கியதும், அந்த நொடியிலேயே, தீனியைத் தரையில் வைக்க வேண்டும். கையை உயரத்தில் வைத்துக்கொண்டு நீட்டினால் நாமே அதைத் தாவக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும். தீனி தரையில் விழுந்தால் மூக்கு தரைக்குப் போகும், மூக்கு போகிற இடத்துக்கு உடம்பும் போகும்.

திரும்பி நிற்பதை மட்டும் நம்பினால் பாதிக் கிணறுதான். நாய்க்கு "இதைச் செய்யாதே" என்பது விளங்காது. அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்று காட்டிக் கொடுக்க வேண்டும். நாங்கள் "உக்காரு" பழக்கினோம். குண்டி தரையில் இருக்கும்போது தாவ முடியாது. ஆள் வருவதற்கு முன், யாரும் இல்லாத கொல்லையில், சாப்பாட்டுத் தட்டு வைக்கும்முன், கேட் திறக்கும்முன், வார் மாட்டும்முன் என்று நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் முதலில் உக்காரு. கைச் சைகையும் சேர்த்தே பழக்குங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத நாய்கள் உண்டு. எங்களுடையதற்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் வீட்டில் கூட்டம் கூடினால் சத்தத்தைவிடச் சைகைக்குத்தான் சீக்கிரம் உட்காருகிறான்.

தாவுவதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும், அதைப் படிக்கத் தெரிந்ததுதான் எங்களுக்குப் பெரிய திருப்பம். காது இரண்டும் பின்னால் படியும். முன்னங்கால் பாதம் இரண்டும் தரையை மாறி மாறி லேசாகத் தட்டும். பிறகு தோள் இறங்கி, எடை முழுக்கப் பின்னங்காலுக்குப் போகும், தொடைச் சதை திரண்டு நிற்கும். பாதம் தட்டத் தொடங்கும்போதே "உக்காரு" சொன்னால் கேட்பான். தொடை திரண்ட பிறகு சொன்னால் அம்பு வில்லைவிட்ட கதைதான், அப்போது சொல்லிப் பயனில்லை.

அப்பத்தா இதை எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தார். அவருக்கு அவசரம் கிடையாது என்பது ஒரு காரணம். திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வார், விழுகிற பயம் இல்லை. இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு பக்கம் பொட்டுக்கடலை. ஒரு கடலையை உள்ளங்கையில் மூடி, முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். வெள்ளையன் கையை நக்குவான், மூக்கால் முட்டுவான், ஒரு காலைத் தூக்கி மடியில் வைப்பான். அவர் கல்லாக உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவனாகப் பின்வாங்கி உட்கார்ந்ததும் கை விரியும். "இப்பிடி இரு ராசா, ஆத்தா ஓடியா போயிருவேன்?" நாங்கள் சொல்லிக் கொடுத்து வந்த "உக்காரு"வைவிட, அவனே யோசித்துக் கண்டுபிடித்த அந்த உட்காரல் ரொம்ப உறுதியாக நின்றது. இப்போது அப்பத்தா அறையைவிட்டு வெளியே வந்தால், யாரும் சொல்லாமலே ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

தொடங்கிய புதிதில் தாவல் கூடும். இதைத் தெரியாமல்தான் பலர் "இந்த முறையெல்லாம் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். இதுவரை பலித்தது திடீரென்று பலிக்காவிட்டால் நாய் இன்னும் உயரமாக, இன்னும் பலமாக முயன்று பார்க்கும், கூடவே குரைக்கும், சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து ஒருமுறை கொஞ்சிவிட்டால், "ரொம்ப நேரம் தாவினா கிடைக்கும்" என்பதைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாவையும் எலியையும் வைத்துக் காட்டியது இதைத்தான். ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்த பழக்கத்தைவிட, எப்போதாவது கிடைத்த பழக்கம் மறையத்தான் அதிக நாள் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் அந்த "எப்போதாவது" உசிலம்பட்டிச் சித்தப்பா. வாரக் கடைசியில் வருவார். கேட்டுக்குள் வந்ததும் தொடையைத் தட்டி "வாடா சிங்கம்" என்பார், அவன் தோளுக்கு ஏறுவான். நாங்கள் ஏதாவது சொன்னால், "பாசத்துல தாவுது, விடுறா. வாயில்லாச் சீவன வையாத" என்பார். வாரம் முழுக்கச் செய்ததைக் கரைக்க அந்த ஒரு தாவல் போதும். பெரியவரிடம் சண்டை போட முடியாது, போடவும் கூடாது. மதினிதான் வழி சொன்னார். வாசலிலேயே ஒரு பிடி பொட்டுக்கடலையை அவர் கையில் கொடுத்து, "சித்தப்பா, நீங்க சொன்னா ஒடனே உக்காருவான் பாருங்க" என்றார். சித்தப்பா சொன்னார், அவன் உட்கார்ந்தான், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் உக்காரச் சொல்லிக் காட்டுவது அவர்தான். விருந்தாளிகளிடம் "தொடாதீங்க, பேசாதீங்க" என்று சொல்வதைவிட ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

வாங்கிப் பயன்படுத்திய பொருள்களைப் பற்றிக் கேட்கிறார்கள், அதையும் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் உருப்படியாக உழைத்தது ஆறடி பருத்தி வார் ஒன்றுதான். ஆள் வரும்போது அதை நடுவாக்கில் காலடியில் மிதித்துக்கொள்வேன். நிற்க, உட்கார, படுக்க நீளம் இருக்கும், எழும்ப இருக்காது. கழுத்தை இழுக்க வேண்டியதே இல்லை. நைலான் வார் வழுக்கும், பாய்ந்தால் உள்ளங்கையைச் சீய்த்துவிடும். முன்பக்கம் வளையம் வைத்த மார்புப் பட்டை காலையில் நடக்கக் கூட்டிப் போக நல்லது, இழுப்பது குறையும். தாவலுக்கு அதனால் பயனில்லை. மதுரை வெயிலில் அக்குள் பக்கம் உரசிப் புண்ணானதால், நடந்து வந்ததும் கழற்றிவிடுகிறோம். கிளிக்கர் என்கிற டக் டக் கருவி நல்ல பொருள், நொடி தவறாமல் "இதுதான் சரி" என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு கையில் வார், ஒரு கையில் தீனி என்று இருக்கும்போது மூன்றாவது கைக்கு எங்கே போவது? நாக்கை மடித்து ஒரு டக் போடுகிறேன், அதுவே போதுகிறது. நாயோடு வந்த, இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சங்கிலி பரணில் கிடக்கிறது. தண்ணீர் பீய்ச்சுவது, டப்பாவில் கல் போட்டு உலுக்குவது, மின் அதிர்ச்சிப் பட்டை, மூன்றும் வேண்டவே வேண்டாம்.

மடித்த கோணிச்சாக்கு ஒன்றை வாசல் தெரிகிற மூலையில் போட்டு, மணி அடித்தால் அங்கே போய்ப் படுக்கப் பழக்கியிருக்கிறோம். கடையில் விற்கிற மெத்தையைவிடச் சாக்கு மேல், வெயில் காலத்தில் சூடேறாது, போகிற இடத்துக்கெல்லாம் சுருட்டிக் கொண்டுபோகலாம். தீனிக்குப் பொட்டுக்கடலை வீட்டோடு சரி. தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர் என்று பெரிய சோதனை வரும்போது அவித்த கோழி ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக, அளவோடு. குழம்பில் கிடக்கிற கறி வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. சித்திரை வைகாசியில் பயிற்சியெல்லாம் விடியற்காலையோடு முடித்துவிட வேண்டும். நாய்க்கு மூச்சு வாங்கித்தான் உடம்பு குளிரும். இளைக்கிற நாய்க்குப் பாடம் ஏறாது.

எல்லாச் சூழ்நிலையையும் பயிற்சியாக்கப் பார்க்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் அவர் வரும்போது எங்கள் தெருவே சொந்தக்காரர்களால் நிரம்பும். வேட்டு, கொட்டு, ஓடுகிற பிள்ளைகள். 2024இல் முழு நேரமும் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, எலும்பு ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தோம். 2025 மே 11 அன்று, வேட்டுச் சத்தம் அடங்கிய பிறகு, வாரோடு கொஞ்ச நேரம் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். பிள்ளைகளிடம் கையைக் கட்டி அசையாமல் நிற்கச் சொல்லியிருந்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்தான். குட்டிப் பையன் ஒருவன் கத்திக்கொண்டு ஓடியதும் பாதம் தட்டத் தொடங்கியது, உடனே உள்ளே கூட்டிப்போய்விட்டேன்.

நகத்தை மறக்காதீர்கள். தாவும்போது பிராண்டினால், ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் அதை வெறிநோய்க்கான இரண்டாம் வகைத் தொடர்பாகத்தான் வைத்திருக்கிறது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊசி போடுவதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். நம் நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி போட்ட அட்டையை எடுத்துக் காட்டும்படி வைத்திருங்கள், ஆனால் அதைக் காட்டி யாரையும் "ஒண்ணும் ஆகாது" என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில், வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இங்கே எழுதியதெல்லாம் சந்தோஷத்தில் உடம்பு நெளிந்து, வால் முழுசாக ஆடத் தாவுகிற நாய்க்கு. உடம்பு விறைத்து, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு, வாய் மூடி முன்னால் வருகிற நாய் வரவேற்கவில்லை, எச்சரிக்கிறது. ராஜபாளையம், கோம்பை மாதிரி காவல் ரகங்களில் இது அந்நியரிடம் வரும். அதற்குப் பொட்டுக்கடலை வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடமோ, அடிக்காமல் பழக்குகிற பயிற்சியாளரிடமோ போங்கள்.

இப்போதைய நிலவரம்: வீட்டு ஆட்களிடம் தாவல் அறவே இல்லை. இது மாதக் கணக்கில் வந்தது. தெரிந்த விருந்தாளிகளிடம் அந்த நிலை வருவதற்கு அரை வருடம் போல ஆனது. முன்பின் தெரியாதவர் வந்தால் இன்றும் வாரை மிதித்துக்கொள்கிறேன், அதை விடுவதாக இல்லை. பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது மட்டும் எதுவும் நிற்கவில்லை. கேட்டில் குரல் கேட்டதுமே வெள்ளையன் வாரோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவன் நெஞ்சில் ஏறிவிட்டான். அடுத்த விடுமுறைக்கு அவன் முதலில் கொல்லைப்பக்கமாக வந்து, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வெள்ளையன் உட்கார்ந்த பிறகு கதவைத் திறப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். அவனுக்கும் சம்மதம்தான்.