ஜோஷுவா ட்ரீ பூங்காவைச் சைக்கிளில் கடக்க: சில வருட அனுபவம்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை மேற்கு வாயிலில் நுழைந்து தெற்கே காட்டன்வுட் முகாம் வரை ஒரே பகலில் சைக்கிளில் கடந்துவிடலாம். ஜோஷுவா ட்ரீ ஊரிலிருந்து கணக்கிட்டால் சுமார் 90 கி.மீ. சில வருடங்களாகக் குளிர்காலம் வந்தால் என் டூரிங் சைக்கிளும் அதில் ஏற்றும் சாமான்களும் இந்தப் பாதையில்தான் அடிபடுகின்றன. இங்கே வர நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேகமும் எடையும் பிறகு. முதலில் தண்ணீரையும் டயரையும் பாருங்கள்.

மேற்கு வாயிலில் தண்ணீர் பிடித்தால் இந்தப் பாதையில் அடுத்த குழாய் காட்டன்வுட்டில்தான். நடுவில் ஹிடன் வேலி, ரையன், ஜம்போ ராக்ஸ் என்று முகாம்கள் வரும், எதிலும் குடிநீர் கிடையாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1 காலன், உடம்பை வருத்தும் வேலை என்றால் 2 காலன் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. 2 காலன் என்றால் ஏழரை லிட்டர், அதாவது ஏழரை கிலோ. முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் கூண்டு மாட்டி ஒன்றரை லிட்டர் பாட்டில்கள், ஃபிரேமில் மூன்று சிறிய பாட்டில்கள், மிச்சம் மடக்கு பையில். எடை முன்னால் தாழ்வாக இருப்பதால் ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போதும் ஹேண்டில் அலையாது. முதுகில் தண்ணீர் சுமப்பதை விட்டுவிட்டேன், வெயிலில் முதுகு புழுங்கித் தண்ணீர் இன்னும் வேகமாகத் தீர்கிறது. மடக்கு பை வருடக்கணக்கில் உழைக்கிறது. அதில் முதலில் போவது மூடியின் ரப்பர் வளையம், உதிரி ஒன்று பையிலேயே கிடக்கட்டும். ஊரிலிருந்து வாயில் வரை 8 கி.மீ. நல்ல ஏற்றம். அதனால் ஊரிலேயே எல்லாவற்றையும் நிரப்பிச் சுமந்து வர வேண்டாம்.

அடுத்தது டயர். சாலையோரத்தில் கிடப்பது நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி. வறண்ட ஊர்ப்புறங்களில் எங்கும் பரவியிருக்கிறது. ட்யூப் போட்டு ஓட்டிய காலத்தில் பஞ்சர் ஒட்டுவதே ஒரு வேலையாக இருந்தது. ட்யூப்லெஸ்ஸுக்கு மாறியபின் முள்ளைப் பிடுங்கிச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருக்கும் சீலன்ட் என்ற திரவம் துளையை அடைத்துவிடுகிறது. ஆனால் இந்த வறண்ட காற்றில் சீலன்ட் சீக்கிரம் காய்கிறது. பருவத்தில் மாதம் ஒரு முறை வால்வு வழியாகப் பார்த்து ஊற்றுகிறேன். அகலமும் முக்கியம். 32 மி.மீ. டயர் தார்ச் சாலைக்குப் போதும், ஆனால் ஜியாலஜி டூர் ரோடு போன்ற மண் சாலையில் இறங்கினால் 45 மி.மீ.க்குக் குறைந்தது மணலில் புதையும். நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, சாலைகளில் மட்டும்தான்.

செயினுக்கு மெழுகு. எண்ணெய் மணலைப் பிடித்துப் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும். சாலை குறுகல், ஓரத்தில் ஒதுங்க இடமும் இல்லை. அதனால் பின்பக்க ரேடார் விளக்கை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பெரிய முகாம் வண்டிகள் வருவதை முன்பே சொல்லிவிடும். செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இத்தனை ஏற்பாடும் எதற்கு? பிண்டோ பேசின் சாலையின் அந்த இறக்கத்துக்கு. மேற்கு வாயிலிலிருந்து வரும் பார்க் பூல்வார்டு சாலையை விட்டுத் தெற்கே திரும்பி இறங்கும்போது மொஹாவே பாலைவனம் முடிந்து கொலராடோ பாலைவனம் தொடங்குகிறது. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒரு வளைவுக்கு அப்புறம் காணாமல் போகின்றன. கிரியோசோட் புதர்கள் வருகின்றன. இறங்க இறங்கக் காற்று சூடாவதை முகத்தில் உணரலாம், மேலே போட்ட ஜாக்கெட்டை நிறுத்திக் கழற்றத்தான் வேண்டும். ஏசி போட்ட காருக்குள் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. இதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் வருகிறேன்.

இறக்கத்தின் கீழே சோய்யா (cholla) என்ற கள்ளிச் செடிகளின் தோட்டம். பார்க்க மென்மயிர் போர்த்தியதுபோல் இருக்கும், லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் எடுக்கக் கூடாது. சீப்பால் நெம்பித் தள்ளிவிட்டு, மீந்த முட்களை இடுக்கியால் பிடுங்க வேண்டும். இரண்டும் என் கருவிப் பையில் எப்போதும் உண்டு. சைக்கிளை எதன்மீதும் சாய்க்காமல் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள். ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் தோட்டங்களுக்காக இந்தப் பாலைவனச் செடிகளை வேரோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். மினர்வா ஹாய்ட் என்ற பெண்மணி விடாமல் போராடியதில் 1936இல் இது ‘தேசிய நினைவுச்சின்னம்’ (national monument) என்ற பாதுகாக்கப்பட்ட இடமானது, 1994இல் தேசியப் பூங்காவானது. அந்தத் தோட்டத்தின் நடுவே நிற்கும்போது அவருக்கு நன்றி சொல்லாமல் என்னால் கிளம்ப முடிவதில்லை.

அதற்கு அப்புறம் ஒகோட்டியோ (ocotillo) புதர்களைத் தாண்டினால் பள்ளத்தாக்கின் அடி. அங்கிருந்து காட்டன்வுட் வரை மறுபடி ஏற்றம், அதுவும் பிற்பகல் வெயிலில், நிழலே இல்லாமல். மொத்தப் பயணத்தில் கடினமான பகுதி இதுதான். இறக்கத்தில் கால்கள் ஆறிப்போயிருக்கும், எதிர்க்காற்று இருந்தால் மணிக்கு 8 கி.மீ. கூடப் போகாது. பள்ளத்தின் அடிக்கு வரும்போது குறைந்தது 3 லிட்டர் தண்ணீர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மிகச் சிறிய கியர் இல்லாத சைக்கிளில் இந்த இடத்தை முயல வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை எந்தச் சைக்கிளிலும் வேண்டாம்.

காட்டன்வுட் முகாமில் இடத்தை முன்பதிவு செய்துவிட்டு வருவது நல்லது, பூக்கும் பருவத்தில் வார இறுதிகள் நிரம்பிவிடும். இந்த வருடம் நான் மாற்றப்போவது பின் டயரை மட்டும்தான். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்துவிட்டது. அதே அகலத்தில், பக்கச் சுவர் தடிமனான ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.